டார்சியின் பக்கமா, மேரியின் பக்கமா?

அக்கா மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பாடத்துக்காக ஜேன் ஆஸ்டனின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைக் கையில் எடுத்தவள், தேர்வு முடிந்தும் கீழே வைக்கவில்லை. மூன்றாவது முறை வாசித்து முடித்த அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தாள்.

"சித்தி, அடுத்து இதே மாதிரி ஒண்ணு சொல்லுங்க. அதே ஊரு, அதே ஆளுங்களா இருக்கணும். ஆனா அதே கதையைத் திரும்பச் சொல்லக் கூடாது. அப்புறம், ஹால்ல உக்காந்து படிக்கிற மாதிரி இருக்கணும்."

பிறந்தநாளுக்கு ஒரு புத்தகம் வாங்கித் தருவதாக நான் முன்பே சொல்லியிருந்தேன். "யோசிச்சுச் சொல்றேன் கண்ணு" என்று போனை வைத்தேன். ஆஸ்டனின் கதைகளையும் அவர் காலத்தையும் வைத்துப் பின்னால் வந்தவர்கள் எழுதும் நாவல்களைப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அலமாரி முன்னால் நின்ற பிறகுதான் தெரிந்தது, அங்கே இருந்த ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுக்கான புத்தகம். ஒரு வாரம் புரட்டிப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவையும், அதற்கான காரணங்களையும் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிற்கும் வேறு யாருக்காவது பயன்படும்.

முதலில் அந்த 'ஹால்' விஷயம். அப்பா, அம்மா, பாட்டி நடமாடும் கூடத்தில் கூச்சமில்லாமல் விரித்து வைத்து வாசிக்கும்படியான காதல் கதைகளை ஆங்கிலப் பதிப்புலகில் 'ஸ்வீட்' அல்லது 'கிளீன்' ரொமான்ஸ் என்கிறார்கள். காதல் முழுமையாக இருக்கும், ஏக்கம் இருக்கும், முத்தம் இருந்தாலும் இருக்கும். படுக்கையறைக் கதவு மட்டும் வாசகருக்குத் திறக்காது. இதைக் குறை என்று நினைப்பவர்கள் ஆஸ்டனிடம் போய்ப் பார்க்க வேண்டும். 'எம்மா' நாவலில் நைட்லி, எம்மாவின் கையைப் பிடித்து உதட்டருகே கொண்டுபோகிறார். என்னவோ தோன்ற, முத்தமிடாமல் விட்டுவிடுகிறார். அவ்வளவுதான் காட்சி. ஆனால் அந்த விடுபட்ட முத்தத்தை எம்மாவோடு சேர்ந்து நாமும் நினைத்துக்கொண்டே இருப்போம்.

இந்தக் கதைகள் நடக்கும் ரீஜென்சி என்பது இங்கிலாந்து வரலாற்றில் ஒன்பது வருடக் காலம். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநோயால் ஆட்சி செய்ய முடியாமல் போனதால், 1811 பிப்ரவரியில் அவருடைய மகன் பொறுப்பரசராக ஆனார். 1820இல் தந்தை இறந்து மகன் மன்னரானதோடு அந்தக் காலம் முடிந்தது. ஆஸ்டனின் ஆறு பெரிய நாவல்களும் 1811க்கும் 1817 கடைசிக்கும் இடையில்தான் வெளிவந்தன. அவருக்கு அது சொந்தக் காலம். அதைச் சரித்திரக் காதல் கதைக்கான மேடையாக மாற்றியவர் ஜார்ஜெட் ஹேயர். அவருடைய 'ரீஜென்சி பக்' 1935இல் வந்தது. ஹேயர் 1974இல்தான் இறந்தார். அவர் எழுத்துகளுக்குப் பிரிட்டனில் 2044 முடியும்வரை காப்புரிமை இருக்கிறது. அவருடைய பாத்திரங்களை யாரும் எடுத்தாள முடியாது. ஆஸ்டனுக்கு அந்த வேலி இல்லை. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் உரிமையை அவர் 110 பவுண்டுக்குப் பதிப்பாளரிடம் விற்றார். இன்று அது எல்லோருக்கும் பொது. அதன் நாயகன் டார்சியையும் நாயகி எலிசபெத் பென்னட்டையும் வைத்து இத்தனை பேர் எழுதுவது அதனால்தான்.

ஆஸ்டனை முதலில் மறுபடி எழுதியவர் ஆஸ்டனேதான். 'பெர்சுவேஷன்' நாவலை அவர் 1816 ஜூலையில் முடித்தார். ஆனால் கடைசிப் பகுதி திருப்தி தரவில்லை. அதை ஒதுக்கிவிட்டு ஆகஸ்டில் புதிதாக எழுதினார். ஒதுக்கிய அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பழைய முடிவில், கதாநாயகி ஆனி எலியட் வேறொருவரை மணக்கப்போகிறாளா என்று கேட்டுச் சொல்லும்படி அட்மிரல் கிராஃப்ட், எட்டு வருடம் முன்பு அவளைக் காதலித்துப் பிரிந்த கேப்டன் வென்ட்வொர்த்தை அனுப்புகிறார். அவர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார், அவள் இல்லை என்கிறாள், இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். புதிய முடிவில் இடம் பாத் நகரத்து விடுதி அறை. ஆனி இன்னொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள்: ஆணின் அன்பு நீடிக்குமா, பெண்ணின் அன்பு நீடிக்குமா என்று. பக்கத்து மேசையில் வென்ட்வொர்த் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் பேனா கீழே விழும் சத்தம் கேட்கிறது. அவள் சொல்வதைக் கேட்டபடியே அதே மேசையில் அவளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்.

இரண்டிலும் காதலர்கள் அவர்கள்தான், முடிவும் கல்யாணம்தான். முதல் வடிவத்தில் ஆனி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறாள்; இரண்டாவதில் எட்டு வருடம் வாய்மூடி இருந்தவள் பேசுகிறாள், அவர் கேட்கிறார். மறுபடைப்புகளை நான் எடைபோடுவது இந்தக் கல்லை வைத்துத்தான். மூலக்கதையில் பேசாத ஒருவர் இங்கே பேசுகிறாரா? நமக்குப் பழக்கமான உதாரணமும் இருக்கிறது. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைத் தழுவி ராஜீவ் மேனன் 2000இல் எடுத்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தில், நாவலின் அமைதியான கர்னல் பிராண்டன், இலங்கைக்குப் போன அமைதிப்படையில் காலை இழந்த மேஜர் பாலாவாக வருகிறார். அவருடைய மௌனத்துக்குப் பின்னால் ஒரு போர் வந்து நின்றுவிடுகிறது. மம்முட்டி அதிகம் பேசாத காட்சிகளில்கூட அது தெரியும்.

சரி, அலமாரிக்கு வருகிறேன்.

அதிகம் விற்பதும் அதிகம் எழுதப்படுவதும் டார்சியின் பக்கத்துக் கதை. அதற்கு நியாயமான காரணம் உண்டு. மூலநாவல் கிட்டத்தட்ட முழுக்க எலிசபெத்தின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது. டார்சி ஹன்ஸ்ஃபோர்டில் திமிராகக் காதலைச் சொல்லி, அவளிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டு, மறுநாள் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகிறார். சில மாதங்கள் கழித்து அவருடைய மாளிகையான பெம்பர்லியில் திரும்பிப் பார்க்கும்போது வேறு மனிதராக இருக்கிறார். இடையில் அவருக்குள் என்ன நடந்தது? கடைசியில் அவர் சொல்லும் சில வாக்கியங்களைத் தவிர நமக்கு ஒன்றும் தெரியாது. நாவலின் மிகப்பெரிய மௌனம் இதுதான்.

இங்கே எனக்கு இரண்டு புத்தகங்கள் முக்கியம். பமீலா எய்டன் எழுதிய முத்தொகுதி: 'ஆன் அசெம்பிளி சச் ஆஸ் திஸ்', 'ட்யூட்டி அண்ட் டிசையர்', 'தீஸ் த்ரீ ரிமெய்ன்'. இன்னொன்று அமாண்டா கிரேஞ்சின் 'மிஸ்டர் டார்சிஸ் டைரி'. இரண்டுமே ஹாலில் வாசிக்கக்கூடியவை.

எய்டன் நிதானமாகச் செல்பவர். மூலநாவலில் ஒரு சின்ன இடம் வரும். அக்கா ஜேனுக்கு உடம்பு சரியில்லாமல் எலிசபெத், டார்சியின் நண்பர் வீடான நெதர்ஃபீல்டில் தங்கியிருக்கிறாள். கிளம்புவதற்கு முந்தைய நாள் டார்சியும் அவளும் அரை மணி நேரம் ஒரே அறையில் தனியாக இருக்கிறார்கள். அவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை என்று ஆஸ்டன் ஒரே வரியில் கடந்துவிடுகிறார். எய்டன் பிடித்துக்கொள்வது இப்படிப்பட்ட வரிகளைத்தான். எலிசபெத் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துவிட்டுப் போன எம்பிராய்டரி நூலிழைகள் டார்சி கையில் கிடைக்கின்றன. அவர் அதைத் தூக்கி எறியவில்லை. அந்த நூலிழைகள் தொகுதி தாண்டித் தொகுதியாக அவரோடு பயணம் செய்கின்றன. மறக்க நினைக்கும்போதெல்லாம் விரலில் சுற்றிக்கொள்கின்றன. பதினாயிரம் பவுண்டு ஆண்டு வருமானம் உள்ள மனிதர் நாலு பட்டு நூலுக்காகத் தவிப்பதைப் பக்கம் பக்கமாகப் பார்க்கும்போது, அவர் மாறியது ஒரே ராத்திரியில் இல்லை என்று நம்ப முடிகிறது. ஷேக்ஸ்பியர் வசனம் பேசும் ஃப்ளெட்சர் என்ற பணியாளர் ஒருவரும் உண்டு. அவர் வரும் இடமெல்லாம் எனக்குப் பிடிக்கும்.

குறையும் உண்டு. மூலநாவலில் டார்சி கண்ணிலேயே படாத குளிர்கால மாதங்களை நிரப்புவது இரண்டாவது தொகுதி. அங்கே எய்டன் அவரை ஒரு பழைய கோட்டைக்கு அழைத்துப்போய் மர்மக் கதைக்குள் விடுகிறார். எனக்கு அது ஒட்டவில்லை. எலிசபெத் இல்லாத டார்சியைப் பார்க்க இந்தப் புத்தகத்தை எடுக்கவில்லையே என்ற ஏமாற்றம். முதல் தொகுதியையும் மூன்றாவதையும் வாசித்துவிட்டு, நடுவில் உள்ளதைப் பிறகு வைத்துக்கொண்டாலும் கதை புரியும். நான் அப்படித்தான் பலரிடம் சொல்வேன்.

கிரேஞ்சின் நாட்குறிப்பு வேறு வேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். ராம்ஸ்கேட்டில் விக்கம், டார்சியின் தங்கை ஜார்ஜியானாவை ஏமாற்ற முயன்ற சம்பவம் மூலத்தில் கடிதத்தில் மட்டுமே வருகிறது. இங்கே அது கண் முன்னால் நடக்கிறது. அண்ணனாக டார்சி பதறுவதைப் பார்த்த பிறகு, மெரிட்டன் நடன விருந்தில் அவர் ஏன் அத்தனை கடுகடுவென்று இருந்தார் என்பது புரியும். ஆங்கிலமும் எளிது. ஆனால் நாட்குறிப்பில் ஒரு சிக்கல்: தனக்குத் தெரிந்ததைத்தான் ஒருவர் தன் நாட்குறிப்பில் எழுத முடியும். டார்சியின் அழகே தனக்கு என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியாமல் இருப்பதுதான். அதனால் கிரேஞ்சின் டார்சி நல்லவராக இருக்கிறார். ஆழம் கொஞ்சம் குறைந்துவிடுகிறது.

டார்சி பக்கத்துக் கதை எதுவானாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். மூலத்தை வாசிக்காத ஒருவர் இதில் தொடங்கவே கூடாது. எலிசபெத்தோடு சேர்ந்து நாமும் அவரைத் தப்பாக எடைபோட்டு, அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது அவளோடு சேர்ந்து நாமும் கூனிக்குறுகுவதுதான் அந்த நாவல் தரும் அனுபவம். முதல் பக்கத்திலேயே அவர் மனது தெரிந்துவிட்டால் அது போச்சு. ஒருமுறை போனால் திரும்ப வராது.

கடிதம் என்றதும் இன்னொன்று. இந்த வகைப் புத்தகத்தைக் கடையிலோ இணையத்தில் மாதிரிப் பக்கங்களிலோ புரட்டும்போது, எழுதியவருக்கு அந்தக் காலம் தெரியுமா என்று கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை கடிதம்தான். அன்று தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவர்தான் கட்டினார். தூரத்துக்கும் தாளின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் காசு. அதனால் ஒரே தாளில் எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதுவார்கள். ஒரு பென்னி தபால்தலை வந்தது 1840இல்தான். இதைவிட முக்கியம், நிச்சயம் ஆகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது கௌரவக் குறைவு. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் மரியான் வில்லபிக்குக் கடிதம் எழுதுவதைப் பார்த்துத்தான் இருவருக்கும் நிச்சயம் ஆகியிருக்கும் என்று சுற்றி இருப்பவர்கள் நினைக்கிறார்கள். டார்சி கடிதத்தைத் தபாலில் போடாமல், பூங்காவில் காத்திருந்து எலிசபெத் கையில் கொடுப்பதன் பின்னால் இது அத்தனையும் இருக்கிறது. அந்தக் கடிதம் யார் கண்ணிலாவது பட்டால் அவள் பெயர்தான் கெடும். கதாநாயகனும் கதாநாயகியும் வாரம் ஒருமுறை சர்வசாதாரணமாகக் கடிதம் போட்டுக்கொள்ளும் ரீஜென்சி நாவலைப் பார்த்தால், அதற்கு ஒரு காரணமாவது சொல்கிறாரா என்று தேடுவேன். சொல்லவில்லை என்றால் மூடி வைத்துவிடுவேன். இதே போல, டார்சி குளத்தில் குதித்து நனைந்து எழுந்துவருகிறார் என்றால், எழுதியவர் மனதில் இருப்பது 1995இல் வந்த பிபிசி தொடர். நாவலில் குளமும் கிடையாது, நனைந்த சட்டையும் கிடையாது.

அடுத்த வகை எனக்கு மனதுக்கு நெருக்கமானது. ஓரத்தில் நின்றவர்களின் கதை.

ஜானிஸ் ஹாட்லோ 2020இல் எழுதிய 'தி அதர் பென்னட் சிஸ்டர்' எலிசபெத்தின் தங்கை மேரியைப் பற்றியது. ஐந்து சகோதரிகளில் நடுவில் பிறந்தவள், அழகில்லாதவள், படிப்பையும் பியானோவையும் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் உபதேசம் செய்பவள். நெதர்ஃபீல்ட் விருந்தில் அவள் பாடிக்கொண்டே போக, எலிசபெத் சங்கடப்பட்டு அப்பாவுக்குக் கண்ணைக் காட்டுகிறாள். அப்பா எல்லார் முன்னாலும், போதும், மற்ற பெண்களுக்கும் இடம் கொடு என்று சொல்லிவிடுகிறார். வாசிக்கும்போது நாமும் சிரித்துவிடுகிறோம். அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் மாட்டிய பெண்ணாக வளர்ந்த எனக்கு, இரண்டாவது முறை வாசித்தபோது அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. கடைசி அத்தியாயத்தில் ஆஸ்டன் எல்லாருக்கும் கணக்குத் தீர்க்கும்போது, வீட்டில் மிச்சமிருந்தது மேரி மட்டும்தான் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். ஹாட்லோ அந்த வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறார்.

முதல் பகுதியில் நமக்குத் தெரிந்த சம்பவங்களே மேரியின் கண்ணில் நடக்கின்றன. அந்தக் கண்ணே மங்கல். புத்தகம் வாசித்தால் தலை வலிக்கிறது. ஆனால் மூக்குக் கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டுவார்கள் என்பது அம்மாவின் கவலை. ஒரு மூக்குக் கண்ணாடியை வைத்தே அந்த வீட்டில் ஒரு பெண்ணின் மதிப்பு எதில் அளக்கப்பட்டது என்பதை ஹாட்லோ சொல்லிவிடுகிறார். பிறகு அப்பா இறந்து, வீடு வாரிசு உரிமைப்படி உறவினர் காலின்ஸ் கைக்குப் போய், மேரி ஒவ்வொரு உறவினர் வீடாகத் தங்குகிறாள். ஜேன் வீட்டில் ஒரு ஓரம், பெம்பர்லியில் ஒரு ஓரம். அன்பாகத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் எங்கேயும் அவளுக்கென்று ஒரு நாற்காலி இல்லை. லண்டனில் கிரேஸ்சர்ச் தெருவில் மாமா கார்டினர் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் நிமிர்கிறாள். ஹேவர்ட் என்ற இளம் வழக்கறிஞர் அவளுக்குக் கவிதையை அறிமுகப்படுத்துகிறார். காதல் மெதுவாக, பேச்சு பேச்சாக வளர்கிறது. ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது: மூலநாவலில் எலிசபெத் மாமா அத்தையோடு ஏரி மாவட்டத்துக்குப் போக ஆசைப்படுவாள், மாமாவுக்கு வேலை வந்து பயணம் டெர்பிஷயரோடு சுருங்கிவிடும். அதனால்தான் பெம்பர்லியில் டார்சியைப் பார்ப்பாள். அவள் போகாத அந்த ஏரிகளுக்கு இந்தக் கதையில் மேரி போகிறாள்.

இதிலும் சொல்ல வேண்டியவை உண்டு. புத்தகம் தடிமனானது, முதல் பகுதி வலிக்கும். எலிசபெத்தைக் கொண்டாடுபவர்களுக்கு இங்கே அவள் கொஞ்சம் கவனமில்லாத அக்காவாக, தன் சந்தோஷத்தில் மூழ்கியவளாகத் தெரிவது மனக்கஷ்டம் தரலாம். எனக்கு அது நியாயமாகவே பட்டது. வீட்டில் எல்லாருக்கும் பிடித்த பெண்ணுக்கு, பிடிக்காமல் போன பெண் கண்ணில் படுவது அபூர்வம்.

மாலி கிரீலியின் 'தி கிளர்ஜிமேன்ஸ் வைஃப்' எலிசபெத்தின் தோழி சார்லட்டைப் பற்றியது. 27 வயதில், காதல் இல்லாமல், கூரை வேண்டும் என்று காலின்ஸைக் கட்டிக்கொண்டவள். ஆஸ்டனிலேயே ஒரு நுணுக்கமான இடம் உண்டு: சார்லட் தான் உட்காரும் அறையாக வீட்டின் பின்பக்கத்து அறையைத் தேர்ந்தெடுத்திருப்பாள். முன்னறை இதைவிட வசதியாயிற்றே என்று எலிசபெத் யோசிப்பாள். அது வசதியாக இருந்தால் கணவர் தன் அறையை விட்டு அடிக்கடி வந்து உட்கார்ந்துகொள்வார் என்பது அப்புறம்தான் உறைக்கும். கிரீலி அந்தப் பின்னறையில் பல வருடம் வாழ்ந்த பெண்ணை எழுதுகிறார். காலின்ஸின் புரவலரான லேடி காத்தரீன் உத்தரவில் ரோஜாச் செடி நட வரும் டிராவிஸ் என்ற விவசாயியோடு அவளுக்கு ஒரு நட்பு உண்டாகிறது. வரம்பு தாண்டுவதில்லை. அதுதான் அதன் துயரம். ஹாலில் வாசிக்கலாம், ஆனால் இருபது வயதுப் பெண்ணுக்குப் பிறந்தநாளன்று கொடுக்க மாட்டேன். முப்பத்தைந்து தாண்டிய என் தோழிகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஜோ பேக்கரின் 'லாங்பர்ன்' இந்த வரிசையில் எழுத்தால் உயர்ந்தது என்பது என் கருத்து. பென்னட் வீட்டு வேலைக்காரி சாராவின் கதை. எலிசபெத் சேற்றில் மூன்று மைல் நடந்துபோனது நமக்குத் துணிச்சல். அந்தச் சேற்றுப் பாவாடையைப் பனிவெடிப்பு வந்த கையால் துவைப்பவளுக்கு அது இன்னொரு சுமை. ஆனால் இது 'ஸ்வீட்' வகை இல்லை. போரின் கொடுமையும் உடல் உறவும் வெளிப்படையாக வருகின்றன. தெரியாமல் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

மூன்றாவது வகை 'அப்படி நடந்திருந்தால்?' கதைகள். எலிசபெத் அந்தக் கடிதத்தைப் படிக்காமல் போயிருந்தால், மழையில் இருவரும் ஒரு குடிசையில் மாட்டியிருந்தால், அவள் முதலிலேயே சம்மதித்திருந்தால். ஏராளமாக வருகின்றன, சொந்தப் பதிப்பாக வருபவையும் நிறைய. பாத்திரங்கள் மீது தீராத ஆசை இருந்தால் இவற்றுக்கு முடிவே இல்லை. ஆனால் தரம் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். கதவு மூடியிருக்குமா என்பதும் மாறும். இந்த வகையை வளர்த்தவர்களில் ஒருவரான அபிகெயில் ரெனால்ட்ஸின் சில புத்தகங்களில் மூடியிருக்காது. விவரத்தைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

நான்காவது, தேவதைக் கதையை ரீஜென்சி வீட்டுக்குள் கொண்டுவருவது. இது மேலோட்டமான விளையாட்டு என்று நான் முதலில் நினைத்திருந்தேன். பிறகு தேதிகளைப் பார்த்தேன். கிரிம் சகோதரர்களின் முதல் தொகுப்பு 1812 டிசம்பரில் ஜெர்மனியில் வருகிறது. அடுத்த மாதம் 1813 ஜனவரி 28 அன்று லண்டனில் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' வருகிறது. நாம் இன்று அறிந்த வடிவத்தில் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' கதையைச் சுருக்கி எழுதிய பிரெஞ்சுப் பெண்மணி பூமோன், லண்டனில் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக இருந்த காலத்தில் 1756இல் அதை வெளியிட்டார். ஆஸ்டன் தலைமுறைப் பெண்கள் வளர்ந்த உலகத்தில் இந்தக் கதைகள் ஏற்கெனவே இருந்தன.

இங்கே என் தேர்வு சாரா எம். ஈடன் எழுதிய 'சீக்கிங் பெர்சஃபனி'. முகத்தில் தழும்புகளோடு, ஓநாய்கள் ஊளையிடும் வடக்குக் காட்டில் கோட்டையில் தனியாக வாழும் ஒரு டியூக், பெண்ணைப் பார்க்காமலேயே பெரும் பணத்தோடு கல்யாணப் பேச்சு அனுப்புகிறார். கிரேக்கப் புராணத்தில் மூழ்கிய ஏழைத் தகப்பன் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களே பெர்சஃபனி, ஏதீனா, ஆர்டெமிஸ். தங்கைகளுக்காக மூத்தவள் சம்மதிக்கிறாள். பாதாளத்துக்குப் போன பெர்சஃபனியும், மிருகத்தின் மாளிகைக்குப் போன அழகியும் ஒரே பெண்ணில் வந்து சேர்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு காதல் வருவது, அதுவும் அவ்வளவு கூச்சத்தோடு வருவது, நம் வீடுகளில் பலருக்குப் பழக்கமான உணர்வு. என் அம்மாவுக்கு இந்தக் கதையை ஒரு மாலை முழுக்கச் சொன்னேன், "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தார். சுத்தமான காதல் கதை, விறுவிறுப்பு, ஆங்கிலமும் கடினமில்லை. கதை நடப்பது 1811க்குச் சில வருடம் முன்னால்தான். இந்த வகையில் அவ்வளவு முன்பின் எல்லாரும் அனுமதிப்பதுதான். இந்தப் பக்கம் போக விரும்புபவர்கள், ஷாடோ மவுண்டன் பதிப்பகத்தின் 'ப்ராப்பர் ரொமான்ஸ்' வரிசையையும் பார்க்கலாம். ஜூலியான் டொனால்ட்சனின் 'ஈடன்ப்ரூக்' 2012இல் வந்து அதைத் தொடங்கிவைத்தது. அது எதையும் மறுபடி சொல்வதில்லை. ஆனால் கதவு நிச்சயம் மூடியிருக்கும்.

'பெர்சுவேஷன்' பக்கம் போகலாமா என்றும் ஒரு நாள் யோசித்தேன். ஆனியும் வென்ட்வொர்த்தும் முதலில் காதலித்த 1806ஆம் வருடக் கோடையை ஆஸ்டன் சில பத்திகளில் முடித்துவிடுவார். கிரேஞ்சின் 'கேப்டன் வென்ட்வொர்த்ஸ் டைரி' அந்தக் கோடையை நேராகச் சொல்கிறது. ஆனால் அக்கா மகள் இன்னும் 'பெர்சுவேஷன்' வாசிக்கவில்லை. அதை முதலில் ஆஸ்டனிடமே வாசிக்கட்டும்.

கடைசியில் இரண்டு புத்தகம் மிஞ்சின: எய்டனின் முதல் தொகுதி, ஹாட்லோவின் மேரி. நூலிழைக் காட்சிக்காக மனம் எய்டன் பக்கம்தான் சாய்ந்தது. அப்புறம் அவளையே கேட்டுவிடலாம் என்று போன் செய்தேன். எதை வாங்கப்போகிறேன் என்று சொல்லவில்லை. "அந்த நாவல்ல உனக்குப் பதில் கிடைக்காத கேள்வி ஏதாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

டார்சி எப்போது மாறினார் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

"சித்தி, அந்தப் பாட்டு பாடுற பொண்ணு இருக்கால்ல, அவளை அவ அப்பா எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னதுக்கப்புறம், அவ அன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன பண்ணியிருப்பா?"

அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. ஹாட்லோவைத்தான் வாங்கினேன். பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பே கூரியரில் போய்ச் சேர்ந்துவிட்டது. முதல் பகுதி கஷ்டமாக இருக்கும், விடாமல் படி என்று அட்டைக்குள் பென்சிலில் எழுதி அனுப்பியிருந்தேன். நாலாவது நாள் காலையில் எழுந்து பார்த்தால் போனில் அவளுடைய குரல் செய்தி. ராத்திரி பன்னிரண்டே காலுக்கு அனுப்பியிருக்கிறாள். ஹாலில் மின்விசிறி ஓடும் சத்தம் பின்னால் கேட்கிறது.

"சித்தி, மேரிக்குக் கண்ணாடி கெடச்சிடுச்சு."